ஆர்மோனியம் முதல் நாளே அறைக்குள் வரட்டும்

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் 14 பேர் கொண்ட நாடகக் குழு எங்களுடையது. 16 வயதுப் பையனும் இருக்கிறான், 60-ஐத் தாண்டிய ஆயாவும் இருக்கிறார். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து எங்கள் குடும்பங்கள் நிறவெறி அரசால் அகற்றப்பட்ட கதையைப் புதிய இசை நாடகமாக்கத் தொடங்கினோம். முன்கூட்டியே எழுதிய பிரதி வேண்டாம், எல்லோரும் கூடி நடித்துப் பார்த்தே உருவாக்கலாம் என்பது முடிவு. மூன்று மாதம் ஓடிவிட்டது. கைபேசிகளில் 40 மணி நேரப் பதிவு இருக்கிறது, நாடகம் இல்லை. பாட்டுகளை ஒருவர் வீட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார், இன்னும் வரவில்லை. எங்களில் பாதிப் பேர் தமிழில் பாடுவார்கள், பேச வராது. எங்கே தவறினோம்?

பதில்: உங்கள் கேள்வியில் என்னைத் திடுக்கிட வைத்தது ஒரே ஒரு வரி. பாட்டுகளை ஒருவர் வீட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்கிறீர்களே, அதுதான். 40 மணி நேரப் பதிவு பெரிய விஷயமே இல்லை, அதற்கு வழி சொல்கிறேன். காட்சியை ஓர் அறையிலும் பாட்டை இன்னோர் அறையிலும் வளர்த்தால், இரண்டையும் பிறகு எந்தப் பசை போட்டாலும் ஒட்டாது. பேச்சு நாடகமானால் இசையைக் கடைசி வாரத்தில்கூடச் சேர்க்கலாம். இசை நாடகத்தில் பாட்டுத்தான் எலும்பு.

நான் பிறந்தது திருவண்ணாமலைப் பக்கம். கூத்து மேடையின் ஓரத்தில், பெட்டி வாசிப்பவரின் மடியில் தூங்கி வளர்ந்தவன். பெட்டி என்றால் ஆர்மோனியம். தமிழ் சொல்லிக்கொடுக்க டர்பனுக்கு வந்து 20 ஆண்டுக்கு மேல் ஆகிறது. இங்கே உங்களைப் போன்ற குழுக்களுடன் நான்கு புதிய இசை நாடகங்களில் வேலை செய்திருக்கிறேன். அவற்றில் இரண்டு தேறின. தேறாத இரண்டிலும் பாட்டு வெளியிலிருந்துதான் வந்தது.

தேறியதில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சமுதாயக் கூடத்தில் ஒத்திகை. அன்று மின்வெட்டு, கீபோர்டு ஊமையாகக் கிடந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில், வீட்டைக் காலி செய்யச் சொல்லி அரசு ஆள் வருகிற காட்சியை நடித்துப் பார்த்தோம். வீட்டுக்காரியாக நடித்தவர் ஓய்வு பெற்ற செவிலியர். அவர் வீட்டில் ஆங்கிலம், கடையில் ஆங்கிலம், கோயிலில் மட்டும் தேவாரம். அரசு ஆளாக நடித்த பையன் காகிதத்தை நீட்டினான். அழுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவரோ முந்தானை முடிச்சை அவிழ்த்து, இல்லாத சாவியொன்றை எடுத்து, "இதை யாரிடம் கொடுப்பது?" என்று தமிழில் கேட்டார். பையனுக்குப் பதில் வரவில்லை. இடிக்கப்போகிற வீட்டுக்குச் சாவி எதற்கு? மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறை "யாரிடம்" என்பதில் முதல் எழுத்து தானாகவே நீண்டது. நான் பெட்டியில் அந்தச் சுரத்தைத் தடவிப் பிடித்துத் துருத்தியை மெல்ல அழுத்தினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான்காம் முறை அதே சுருதியில் பாடினார். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஆறு பேர், யாரும் சொல்லாமலே, "யாரிடம் கொடுப்பது" என்று பின்பாட்டுப் பாடினார்கள். அந்த நாடகத்தின் மூன்று பெரிய பாட்டுகளில் ஒன்று அதுதான். பல்லவி அன்று இரவு நான்கே நிமிடத்தில் வந்தது. சரணங்களை எழுத மூன்று வாரம் பிடித்தது. அதை வீட்டில் ஒருவர் எழுதியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்: "போகிறோமே போகிறோமே, பிறந்த மண்ணைப் பிரிகிறோமே." அந்த வரியில் குற்றமில்லை, உயிரும் இல்லை.

ஆகவே முதல் மாற்றம் இது. பெட்டியோ கிட்டாரோ கஞ்சிராவோ, ஏதாவதொரு வாத்தியமும் அதை வாசிக்கிறவரும் ஒவ்வொரு ஒத்திகையிலும் அறைக்குள் இருக்க வேண்டும். நடிப்பவர் குரல் எப்போது பேச்சிலிருந்து நழுவுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. ஒரே வரியை ஒருவர் மூன்று முறை சொன்னால், அங்கே ஒரு பல்லவி கிடக்கிறது என்று பொருள்.

கூடி நடித்து நாடகம் செய்வது ஏதோ மேல்நாட்டிலிருந்து வந்த புதுமுறை என்று உங்கள் குழுவில் சிலர் நினைப்பதாகத் தோன்றுகிறது. நம் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் நடக்கிறது. ராஜபார்ட் எனும் நாயகன் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் எனும் நாயகி ஓர் ஊர், பபூன் எனும் கோமாளி இன்னோர் ஊர். தனித்தனியாக முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து, ஒத்திகை என்பதே இல்லாமல், இரவு மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். விடியும்வரை நாடகம் நிற்காது. எப்படி? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த பாட்டுகளும் காட்சி வரிசையும் எல்லோருக்கும் மனப்பாடம். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் வருகிற தர்க்கம் மட்டும் அன்றன்று பிறப்பது. வள்ளி ஒன்று கேட்பாள், வேலன் மடக்குவான், அவள் திருப்பி அடிப்பாள். சபையின் சிரிப்பைப் பொறுத்து அது ஐந்து நிமிடமும் ஓடும், அரை மணியும் ஓடும். பாட்டுகள் அடித்து வைத்த ஆணிகள், தர்க்கம் அவற்றுக்கு இடையே கட்டிய கயிறு. கயிறு ஆடலாம், ஆணி ஆடக் கூடாது. உங்களிடம் இப்போது கயிறு நிறைய இருக்கிறது.

டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கும் இது புதிதல்ல. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்ற பிறகு, அடுத்தடுத்து வந்தவர்களோடு தெருக்கூத்தும் வந்து கரும்புத் தோட்டங்களில் இரவுகளைக் கழித்தது. இங்கே அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் விழுந்தது. உங்கள் குழுவின் ஆயா பார்த்திருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள். கூத்தின் கோமாளியும் கதை சொல்பவனுமான கட்டியக்காரன் எப்படிச் சபையோடு பேசினான் என்று அவருக்கு நினைவிருந்தால், உங்கள் நாடகத்துக்கு ஒரு கட்டியக்காரன் கிடைத்துவிட்டான்.

அடுத்து, காட்சியை எப்படித் தொடங்கிவிடுவது. உங்கள் பதிவுகளிலிருந்து அனுப்பியிருந்த சிறு துண்டைக் கேட்டேன். "குடியிருப்பை இழந்த வலியைக் காட்டுங்கள்" என்று நெறியாளர் சொல்கிறார். உடனே ஆறு பேர் ஒரே நேரத்தில் வலியைக் காட்டுகிறார்கள். வலியை யாராலும் நடிக்க முடியாது ஐயா. நடிகருக்குக் கருப்பொருளைக் கொடுக்காதீர்கள், தேவையைக் கொடுங்கள். பசு இன்று இரவு கன்று போடப்போகிறது, ஆகவே அம்மாவுக்கு இன்னும் ஒரு நாள் வேண்டும். மகன் ஏற்கெனவே சாட்ஸ்வொர்த் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான், அம்மாவிடம் சொல்லவில்லை. இந்த இரண்டையும் இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் காதில் சொல்லி உள்ளே அனுப்புங்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் அடுப்பு. பால் தானாகப் பொங்கும்.

எதிராளி தருவதை மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் விதியாகச் சொல்லிக்கொடுங்கள். வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் "ஆமாம்" போடுவாரே, அது வெறும் தலையாட்டல் அல்ல. கதை சொல்பவருக்கு அடுத்த படியைக் கட்டிக்கொடுப்பது. "வாசலில் லாரி நிற்கிறது" என்று ஒருவர் சொன்னால், "லாரியா, எங்கே?" என்று கேட்பவர் காட்சியைக் கொல்கிறார். "ஆமாம், ஓட்டுகிறவன் நம் முனுசாமி மகன்தான்" என்பவர் அதை ஒரு குடும்பக் கதையாக்கிவிடுகிறார்.

இந்த நாட்டிலேயே இதற்கு மிகச் சிறந்த முன்னோர்கள் இருக்கிறார்கள். 1981-இல் ஜோகன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் 'வோஸா ஆல்பர்ட்!' வந்தது. பெர்சி ம்ட்வா, ம்பொங்கெனி ந்கெமா என்ற இரண்டு நடிகர்களும் பார்னி சைமன் என்ற நெறியாளரும் சேர்ந்து செய்தது. சைமன் தன் நடிகர்களைத் தெருவுக்கு அனுப்புவார். ஒரு மனிதனைப் பார்த்து, அவன் நடையையும் பேச்சையும் கொண்டுவந்து ஒத்திகையில் வைக்க வேண்டும். அந்த நாடகத்தில் இரண்டே பேர் டஜன் கணக்கான பாத்திரங்களாக மாறினார்கள். வெள்ளைக்காரராக மாற, மேசைப் பந்தாட்டப் பந்தைப் பாதியாக வெட்டி இளஞ்சிவப்பு வண்ணம் அடித்து மூக்கில் மாட்டிக்கொண்டால் போதும். அரங்கப் பொருளுக்குப் பணம் இல்லையே என்று கவலைப்படுகிற குழுக்களிடம் இந்தப் பாதிப் பந்தைத்தான் சொல்வேன். இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: 1976-இல் தொடங்கிய அந்த மார்க்கெட் தியேட்டர் இருப்பது பழைய இந்தியப் பழச் சந்தைக் கட்டடத்தில்தான்.

உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது 1986-இல் ஜங்ஷன் அவென்யூ குழு செய்த 'சோஃபியாடவுன்'. அதுவும் அகற்றப்பட்ட ஒரு குடியிருப்பின் கதை. அங்கே வாழ்ந்தவர்களைச் சந்தித்துப் பேசி, கிடைத்ததையெல்லாம் நடித்துப் பார்த்துச் சேர்த்தார்கள். ஆனால் நாடகத்தின் முதுகெலும்பாக வைத்தது ஒரு விநோதமான சிறு செய்தியை. அந்தக் காலத்து டிரம் பத்திரிகை எழுத்தாளர்கள் இருவர், தங்களோடு வந்து குடியிருக்க ஒரு யூதப் பெண் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார்களாம். அந்தப் பெண் வீட்டுக்குள் வருகிறாள், அவள் கண்ணால் நாம் ஊரைப் பார்க்கிறோம், கடைசியில் ஊரே போகிறது. கேட்டோ மேனர் என்பது பல்லாயிரம் பேர் கதை. பல்லாயிரத்தை மேடையில் ஏற்ற முடியாது. உங்களுக்கும் அப்படியொரு விளம்பரம், ஒரு பசு, ஒரு சாவி கிடைத்தாக வேண்டும். அது அந்த 40 மணி நேரத்துக்குள் எங்கோ இருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன்.

அந்தப் பதிவை என்ன செய்வது? முழுவதையும் எழுதிப் படியெடுக்காதீர்கள். நானும் ஒருமுறை அந்தப் பைத்தியக்காரத்தனம் செய்தேன். 200 பக்கம் வந்தது, யாரும் படிக்கவில்லை. 14 பேரையும் ஒரு மாலை உட்காரவைத்து, பதிவைப் போடாமல், ஆளுக்கு மூன்று கணங்களை நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் மனத்தில் நிற்பவை மட்டும். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு கணங்கள் பலருடைய தாளிலும் திரும்பத் திரும்ப வரும். அவற்றை மட்டும் பதிவில் தேடி எடுத்துக் கேளுங்கள். மற்றது உரமாகிவிட்டது, போகட்டும். இனிமேல் நடிக்காத ஒருவரை எழுத்தராக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஒத்திகைக்கும் ஒரே பக்கம்: யாருக்கு என்ன வேண்டியிருந்தது, எங்கே திரும்பியது, எந்த வரி பாட்டானது. எங்கள் குழுவில் இதைச் செய்தவர் ஒரு கல்லூரி மாணவி. கடைசியில் நாடகம் அவர் நோட்டிலிருந்துதான் வந்தது.

பிறகு வெட்டுவது. அட்டைகளில் காட்சிகளை எழுதிச் சுவரில் ஒட்டிப் பார்த்து, கூடி விவாதியுங்கள். ஆனால் வாக்கெடுப்பு வேண்டாம். வாக்கெடுப்பில் ஜெயிப்பது எப்போதும் எல்லோருக்கும் வேடம் கிடைக்கிற காட்சிதான், நாடகத்துக்குத் தேவையான காட்சி அல்ல. உருவாக்குவது பதினான்கு பேர், இறுதியாக முடிவெடுப்பது ஒருவர் என்று இன்றே பேசி வைத்துவிடுங்கள். இப்படிப்பட்ட குழுக்களின் சண்டைகளில் பாதி இந்தப் பேச்சு நடக்காததால் வருபவை என்று நினைக்கிறேன்.

மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழ் பேச வராதவரைத் தமிழில் நடித்துப் பார்க்கச் சொன்னால், அவர் மனம் கதைக்குள் போகாது, இலக்கணத்துக்குள் போகும். எந்த மொழியில் சிந்திக்கிறாரோ அதிலேயே நடிக்கட்டும், சாட்ஸ்வொர்த் ஆங்கிலமாக இருந்தாலும். அந்த ஆங்கிலத்திலும் கூழும் காவடியும் தாத்தாவும் ஆயாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ் எங்கே வரவேண்டும் என்று நாடகமே சொல்லும். என் அனுபவத்தில் அது வருவது மூன்று இடங்களில்: சாமியிடம் பேசும்போது, திட்டும்போது, பேச்சு போதாமல் பாட்டாகும்போது. உங்கள் பிள்ளைகள் தமிழ் படிக்கத் தெரியாமலே ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத் தேவாரமும் திருப்புகழும் பாடுகிறார்கள். பொருள் தெரியாமல் பாடுகிறார்கள் என்று நம்மில் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. நான் சுளிப்பதில்லை. தமிழ் அவர்கள் வாயில் முதலில் இசையாக இருக்கிறது. இசை நாடகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? புதுப் பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் பொருளை நடித்துக் காட்டி, பிறகு பாடவிடுங்கள். பொருள் கையிலும் காலிலும் ஏறிவிடும். உச்சரிப்புக்கு மட்டும் ஒருவரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 'மழை'யை 'மலை' ஆக்கினால் சபையில் ஒரு பாட்டியாவது சிரிப்பார்.

கேட்டோ மேனர் கதையில் 1949 வராமல் போகாது. அந்த ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே வெடித்த கலவரத்தில் அரசுக் கணக்கின்படி 142 பேர் இறந்தார்கள். கேட்டோ மேனரில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதற்கு அடுத்த ஆண்டு, 1950-இல், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. இரு தரப்பையுமே அங்கிருந்து கிளப்பியது. இதை நடித்துப் பார்க்கும்போது ஒரே ஒரு கண்டிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: அந்தப் பகுதி ஆப்பிரிக்கரான சூலுப் பாத்திரத்தை உங்கள் பையன் ஒருவன் கற்பனையில் நடிக்கக் கூடாது. சூலு நடிகர்கள் அறைக்குள் இருக்க வேண்டும், அதுவும் முதல் வாரத்திலிருந்து. இல்லாவிட்டால் கூடி உருவாக்குவது என்ற சொல்லே பொய். எங்கள் குழுவில் வந்து சேர்ந்த இரண்டு இளைஞர்கள் இசிகாதமியா பாடுகிறவர்கள். தலைவர் ஒரு வரி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் தாழ்ந்த குரலில் அடுக்கிப் பாடி, பாதத்தை ஓசைப்படாமல் வைத்து ஆடுவது அது. எங்கள் பின்பாட்டுக்காரர்களும் அவர்களும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நாங்கள் ஒரே குரலில் பாடுகிறோம், அவர்கள் நான்கு குரலில் பிரிக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வகைக் காட்சிகளை ஒத்திகையின் கடைசி அரை மணியில் வைக்காதீர்கள். நடுவில் வையுங்கள், பிறகு தேநீர், பிறகு ஏதாவது வேடிக்கையான காட்சி. யாரையும் அந்தக் கனத்தோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தன் குடும்பத்தில் நடந்ததை ஒருவர் நடித்துக்காட்டினால், அதை நாடகத்தில் வைக்கலாமா என்று மறுநாள் தனியாகக் கேளுங்கள். அன்றே கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்.

இனிக் கட்டை, அதாவது பாடும் சுருதியின் உயரம். இதில்தான் நிறையக் குழுக்கள் குப்புற விழுகின்றன. உங்களிடம் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடுகிறார்கள். ஆண்களுக்கு 1 கட்டை சுகம், பெண்களுக்கு 5 கட்டை சுகம். 1 கட்டையில் எல்லோரையும் மேல் ஸ்தாயிவரை பாடச் சொன்னால் பெண்கள் கீச்சிடுவார்கள், 5-இல் ஆண்கள் அலறுவார்கள். நம் பழைய இசைக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: மத்தியம சுருதி. 5 கட்டைக்காரியின் மத்தியமம், அதாவது 'ம', சரியாக 1 கட்டையில் விழும். அதையே அவர் ஆதார சட்ஜமமாக, அதாவது 'ச'வாக, வைத்துக்கொண்டால், ஆண்களும் பெண்களும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் ஒரே பாட்டைச் சிரமமில்லாமல் பாடலாம். மேல் ஸ்தாயிக்கு ஏறாத ராகமாக மட்டும் இருக்க வேண்டும். செஞ்சுருட்டி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை எல்லாம் அப்படிப்பட்டவை. காவடிச் சிந்து என்றதும் காதில் வருகிற செஞ்சுருட்டியை உங்கள் குழுவில் அறியாதவர் இருக்க மாட்டார்கள். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் அந்தச் சாயலில் ஏதாவதொன்றைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆகவே கூட்டுப் பாட்டுகளை இந்த வட்டத்துக்குள் தேடுங்கள், தனிப் பாட்டுகளை அவரவர் கட்டையில் விடுங்கள். ஒரு காட்சி உறுதியான அன்றே அதன் பாட்டுக்குக் கட்டையை எழுதிவையுங்கள். வரிகள் மாறலாம், கட்டை மாறினால் அரங்கேற்றத்தன்று தொண்டை உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், எப்போது நிறுத்துவது? என் முதல் நாடகத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன், வெட்கம்தான். அரங்கேற்றத்துக்கு முந்தின நாள்வரை புதிதுபுதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தோம். எதையும் விட மனமில்லை. அன்றிரவு நாடகம் 3 மணி 10 நிமிடம் ஓடியது. விளக்குக்காரர் தன் தாளில் இருந்த வரிக்காகக் காத்திருந்தார், நடிகர் அந்த வரியை அன்று சொல்லவே இல்லை. கதாநாயகி இருட்டில் பாடினாள். பத்தரை மணிக்குக் கூடத்தின் காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு மேடை ஓரத்தில் வந்து நின்றார். சபையில் சிலர் அவரையும் ஒரு பாத்திரம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு பூட்டும் நாள் என்று ஒன்று வைத்துக்கொள்கிறேன். 16 வாரம் என்றால், முதல் ஐந்து வாரம் தேடல். அடுத்த நான்கு வாரம் அடுக்குதல், வெட்டுதல், பாட்டுகளுக்குச் சரணம் எழுதுதல். ஒன்பதாம் வார ஞாயிறு பூட்டும் நாள். அன்றோடு காட்சி வரிசை, பாட்டுகள், கட்டைகள், ஒளிக்கும் ஒலிக்கும் குறிப்பாக வருகிற வரிகள் எல்லாம் எழுத்தில் நின்றுவிடும். மிச்சம் ஏழு வாரமும் இருப்பதைத் தேய்த்து மெருகேற்றவும், கடைசி இரண்டில் விளக்கு, மைக், உடையோடு ஓட்டிப் பார்க்கவும். பூட்டிய பிறகும் இரண்டு மூன்று இடங்களைத் திறந்தே விடுங்கள். உங்கள் கட்டியக்காரன் சபையோடு பேசுகிற இடம், சந்தைக் காட்சியில் இரண்டு பெண்கள் விலை பேசுகிற தர்க்கம் போன்றவை. ஆனால் திறந்த காட்சிக்கும் நுழைகிற வரியும் வெளியேறுகிற வரியும் நிலையானவை. வெளியேறும் வரி வந்ததும் பெட்டிக்காரர் சுருதி கொடுப்பார், விளக்குக்காரர் கையை வைப்பார். இடையில் எத்தனை நிமிடம் என்பதை மட்டும் சபை முடிவு செய்யட்டும். நீங்கள் மூன்று மாதத்தைச் செலவழித்துவிட்டீர்கள், ஆகவே தேடலை முடிந்ததாக வைத்துக்கொண்டு அடுக்கும் வாரங்களிலிருந்து தொடங்கலாம். பாட்டுக்காக மட்டும் இரண்டு வாரம் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டும் நாளன்றே இன்னொரு காகிதத்திலும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்: இது யாருடைய நாடகம் என்பது. நியூயார்க்கில் 1974 ஜனவரியில் சில நடனக்காரர்கள் கூடி, விடியவிடியத் தங்கள் வாழ்க்கைக் கதைகளைப் பேசி ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'எ கோரஸ் லைன்' என்ற இசை நாடகம். கதையைப் பயன்படுத்தும் உரிமையை அவர்கள் ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். பிராட்வேயில் அது 6,137 முறை நடந்தது. பின்னால் அவர்களுக்கு ஒரு பங்கு ஏற்பாடானது உண்மைதான், ஆனால் அந்த ஒரு டாலர் கசப்பு இன்றும் பேசப்படுகிறது. உங்கள் நாடகம் கூடத்தில் இரண்டு நாள் நடக்கப்போவது என்று அலட்சியமாக இருக்காதீர்கள். நல்லதாக வந்தால் யாராவது பள்ளியில் போடக் கேட்பார்கள், யாராவது பாட்டை மட்டும் கேட்பார்கள். தென்னாப்பிரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் 1978-ஆம் ஆண்டினது. பலர் பங்கும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்தால் அதைக் கூட்டுப் படைப்பாக ஏற்கிறது. யார் யார் அந்தப் பலர் என்பதை நீங்கள்தான் எழுதிவைக்க வேண்டும். சாவிப் பாட்டுக்கு நாங்கள் போட்டுக்கொண்ட பெயர்கள் மூன்று: பல்லவி அந்தச் செவிலியர், மெட்டு நான், சரணம் நோட்டுக்கார மாணவி. பின்பாட்டுப் பாடிய ஆறு பேருக்கும் நாடகத்தின் மொத்த உரிமையில் சம பங்கு. பாட்டுகளை இசை உரிமை அமைப்பான சாம்ரோவில் பதிவு செய்யலாம், மேடை உரிமைக்கு நாடக உரிமைகளைக் கவனிக்கும் டால்ரோவைக் கேட்கலாம். காகிதம் அரைப் பக்கம் இருந்தால் போதும்.

கடைசியாக, வீட்டில் பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறாரே, அவர். அவர்மீது கோபப்படாதீர்கள். பாவம், காட்சியைப் பார்க்காமல் அதற்குப் பாட்டு எழுத உட்கார்ந்திருக்கிறார். மூன்று மாதமாக வராதது அவர் குற்றமல்ல. இந்தச் சனிக்கிழமை ஒத்திகைக்கு அழைத்துவாருங்கள். நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். வாத்தியக்காரர் பக்கத்தில் அவரை உட்காரவைத்து, பசுவுக்கு ஒரு நாள் கேட்கிற அந்த அம்மாவை உள்ளே அனுப்புங்கள்.